உள்ளே போனவர் எந்த மாடியில்? அசைவுச் சென்சார்களால் ஆளைத் தேடும் கணக்கு

1999 டிசம்பர் 3 அன்று மாலை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில், மூடிக் கிடந்த ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்தது. 1906-இல் கட்டிய கட்டடம். குளிர் வெளியே போகக் கூடாது என்பதற்காகச் சுவர்களில் தக்கையும் நுரைப்பொருளும் அடைத்திருந்தார்கள். மேல்தளங்களில் ஜன்னல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வீடில்லாதவர்கள் யாராவது உள்ளே தங்கியிருக்கலாம் என்று தேடிப் போன தீயணைப்பு வீரர்களில் இரண்டு பேர் புகையில் வழி தவறினார்கள். காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ரேடியோவில் உதவி கேட்டார்கள். அவர்களைத் தேடிப் போனவர்களில் நான்கு பேரும் திரும்பவில்லை. கடைசியில், இனி ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று ஓர் அதிகாரி வாசலில் நின்று தன் ஆட்களையே தடுக்க வேண்டிவந்தது. இறந்தவர்கள் ஆறு பேர். எல்லா உடல்களையும் மீட்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

குரல் வெளியே கேட்டது. ஆள் எந்த மாடியில், எந்த மூலையில் இருக்கிறார் என்பது தெரியவில்லை. அதே ஊரில் இருக்கும் வூஸ்டர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனம் இந்தத் துயரத்துக்குப் பிறகு, கட்டடத்துக்குள் போன ஆளை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி என்ற ஆராய்ச்சியில் இறங்கியது. இதற்கென்றே ஆய்வாளர்களையும் தீயணைப்புத் துறையினரையும் ஒரே இடத்தில் கூட்டிப் பல ஆண்டுகள் பேசவைத்தது.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் தரைக்கு வந்து சேரும்போதே மிகவும் பலவீனமாகிவிடுகிறது; கான்கிரீட்டையும் இரும்பையும் தாண்டி நாலு சுவர் உள்ளே போகும் தெம்பு அதற்கு இல்லை. சரி, வைஃபை, புளூடூத் கருவிகளை வைத்து இடம் கண்டுபிடிக்கலாமே? விமான நிலையங்களிலும் பெரிய மால்களிலும் அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் கருவிகளை முன்கூட்டியே கட்டடம் முழுக்கப் பொருத்தி, அளந்து வைத்திருக்க வேண்டும்; மின்சாரமும் இருக்க வேண்டும். எரிகிற கைவிடப்பட்ட கிடங்கில் இரண்டும் இருக்காது. ஆக, உள்ளே போகிறவர் தன் உடம்பிலேயே சுமந்து போகும் ஒரு பொருள், வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல், அவர் எங்கே இருக்கிறார் என்று கணக்குப் போட வேண்டும்.

அதற்கு வேண்டிய சென்சார்கள் நம் கைப்பேசியிலேயே இருக்கின்றன. அவற்றால் எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே கைவிட்டுவிடும் என்று பார்ப்போம்.

சென்சாருக்கு இடம் தெரியாது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் இது மறைந்துபோகிறது. அசைவுச் சென்சார் எதுவும் இடத்தை அளப்பதில்லை. முடுக்கமானி வேகத்தில் ஏற்படும் மாற்றத்தை அளக்கிறது. கைரோஸ்கோப் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறோம் என்பதை அளக்கிறது. காந்தமானி பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டுகிறது. இவற்றில் எதற்கும் 'இங்கே' என்றால் என்னவென்று தெரியாது. இடம் என்பது இந்த அளவுகளிலிருந்து நாம் ஊகிக்கிற ஒன்று.

போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய ஓர் எடை. மெல்லிய சிலிக்கான் கம்பிகள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். போன் ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால் எடை கொஞ்சம் பின்தங்கும். பக்கத்தில் இருக்கும் நுண்தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றம் மின் அளவாக வெளியே வரும். கைரோஸ்கோப்பில் இதே மாதிரியான எடையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரவைத்திருப்பார்கள். அதிர்ந்துகொண்டிருக்கும்போது போனைத் திருப்பினால், எடை தான் அதிரும் திசைக்குக் குறுக்கே சற்று விலகும். புயலைச் சுழலவைக்கும் கோரியாலிஸ் விளைவுதான் இங்கேயும். காரில் மோதலை உணர்ந்து காற்றுப் பையை விரிப்பதற்காக 1990-களில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய இந்தச் சில்லுகள், அப்புறம் விளையாட்டுக் கருவிகளுக்கும் போன்களுக்கும் வந்தன. கைரோஸ்கோப் உள்ள முதல் ஐபோன் 2010-இல் வந்த ஐபோன் 4.

இவை என்ன சொல்கின்றன என்பதை நேரடியாகப் பார்க்கலாம். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, போனில் இருக்கும் சென்சார்களின் எண்களை அப்படியே திரையில் காட்டும். போனை மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, புவியீர்ப்பையும் சேர்த்துக் காட்டும் முடுக்கமானிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று அச்சுகளில் இரண்டு பூச்சியத்தை ஒட்டி இருக்கும். மூன்றாவது 9.8 காட்டும். போன் இம்மியும் அசையவில்லை, ஆனாலும் 9.8. மேஜை போனைக் கீழே விழாமல் தாங்குகிறது. அந்தத் தாங்கலையும், யாரோ போனை மேலே தள்ளுவதையும் முடுக்கமானியால் பிரித்தறிய முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால், கடைசி இலக்கங்கள் நிற்காமல் துள்ளுவது தெரியும். பூச்சியம் காட்ட வேண்டிய அச்சும் சரியாகப் பூச்சியத்தில் நிற்காது. கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருக்கும். இந்தச் சின்னப் பிசகுதான் பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

கணக்கு என்னவோ எளிதுதான். முடுக்கத்தை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போனால் வேகம் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போன தூரம் கிடைக்கும். எந்தப் பக்கம் போனோம் என்பதைக் கைரோஸ்கோப் சொல்லும். தொடங்கிய இடம் தெரிந்தால் போதும், மீதியைக் கணக்கே பார்த்துக்கொள்ளும். 1958 ஆகஸ்ட் 3 அன்று நாட்டிலஸ் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி, பனிப்பாளத்துக்கு அடியிலேயே வடதுருவத்தைக் கடந்து போனது இந்த முறையை நம்பித்தான். மேலே வானத்தைப் பார்க்க வழியில்லை, வெளியிலிருந்து எந்தச் சிக்னலும் இல்லை.

அப்படியானால் ஒரு தீயணைப்பு வீரரை ஒரு கட்டடத்துக்குள் பின்தொடர்வதில் என்ன கஷ்டம்? சென்சாரின் தரம்தான். நீர்மூழ்கியிலும் விமானத்திலும் இருப்பவை மிக உயர்ந்த தரமான, விலை மிகுந்த கருவிகள். அவையே மணிக்குச் சுமார் 1.8 கிலோமீட்டர் தள்ளிக் காட்டுவது வழக்கம். கடலிலும் வானத்திலும் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை. போனில் இருக்கும் சில்லு அந்தத் தரத்துக்கு எவ்வளவோ கீழே.

ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நடந்த அசைவை மட்டும் பார்க்க வேண்டுமானால், அளவிலிருந்து அந்த 9.8 புவியீர்ப்பைக் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டுமானால், எது 'கீழ்' என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். அதில் ஒரே ஒரு பாகை தப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பின் ஒரு சிறு பங்கு, ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 0.17 மீட்டர் கூடுவதுபோல, பக்கவாட்டு அசைவாக வேஷம் போட்டுக்கொண்டு கணக்குக்குள் நுழைந்துவிடும். 10 நொடியில் 8.5 மீட்டர் பிழை. ஒரு நிமிடத்தில் 308 மீட்டர். 5 நிமிடத்தில் 7.7 கிலோமீட்டர். ஆள் நின்ற இடத்திலேயே நின்றிருப்பார். கணக்கு அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருக்கும். நேரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காவதுதான் இதில் கொடுமை. உண்மையில் கைரோஸ்கோப்பும் தன் பங்குக்கு நழுவிக்கொண்டே இருப்பதால், அந்த ஒரு பாகை ஒரு பாகையாகவே நிற்காது. பிழை இதைவிட வேகமாகத்தான் வளரும்.

நல்ல சென்சார் வாங்கிப் போட்டால் தீரும் என்று நினைக்கலாம். பத்து மடங்கு நல்ல சென்சார் போட்டால், அதே பிழை வர மூன்று மடங்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். இந்த வழியில் போய் யாரும் கரையேறவில்லை. விடை வேறு இடத்திலிருந்து வந்தது.

பாதம் தரையில் நிற்கும்போது

நாம் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கிப் பார்ப்போம். உடம்பு முழுவதும் ஒரே சீராக முன்னால் போய்க்கொண்டிருப்பதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. இடுப்பும் மார்பும் தலையும் அப்படித்தான் போகின்றன. பாதம் மட்டும் அப்படி இல்லை. குதிகால் தரையைத் தொடும். உள்ளங்கால் முழுவதும் படியும். அடுத்த கால் காற்றில் முன்னால் போகும் நேரமெல்லாம் இந்தப் பாதம் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். பிறகு குதிகால் எழும்பி, பெருவிரலால் உந்திப் புறப்படும். ஓர் ஆள் சாதாரணமாக நடக்கும்போது, ஒரே பாதம் நொடிக்கு ஒருமுறை இப்படி நின்று கிளம்புகிறது. நிற்கும் அந்த ஒரு சில பத்தில் ஒரு பங்கு நொடியில் பாதத்தின் வேகம் பூச்சியம். ஊகம் இல்லை, உண்மையிலேயே பூச்சியம்.

சென்சாரை இடுப்பில் கட்டாமல் செருப்பிலோ பூட்ஸிலோ வைத்தால் என்ன ஆகும்? நொடிக்கு ஒருமுறை, சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் உண்மை கையில் கிடைக்கிறது. பாதம் தரையில் படிந்திருக்கும்போது, கணக்கு நொடிக்கு 15 சென்டிமீட்டர் வேகம் காட்டுகிறது என்றால், அந்த 15 சென்டிமீட்டரும் பிழை. அதைத் துடைத்துவிடலாம். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று வளர வேண்டிய பிழை, ஒவ்வொரு அடிக்கும் வெட்டுப்பட்டுப் புதிதாகத் தொடங்குகிறது.

வேகத்தைப் பூச்சியமாக்குவதோடு இது நிற்பதில்லை. பிழை கலந்த அளவுகளிலிருந்து உண்மையை வடித்தெடுக்க, 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டிக் கணக்கு ஒன்று உண்டு. அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டியது அதுதான். ஒரு பிழை எந்தப் பிழையோடு சேர்ந்து வளர்கிறது என்பதையும் அந்தக் கணக்கு நினைவில் வைத்திருக்கும். பாதம் நிற்கும்போது வேகம் கிழக்குப் பக்கம் தப்பாகத் தெரிந்தால், போன அடியில் இடமும் கிழக்குப் பக்கம் தப்பாகப் போயிருக்கும். 'கீழ்' என்று நாம் எண்ணிய திசையும் அதற்கேற்பச் சாய்ந்திருக்கும். ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டையும் அது திருத்திவிடுகிறது. மேஜையில் பார்த்தோமே, அந்தச் சின்னப் பிசகு எவ்வளவு என்பதைக்கூட நடக்க நடக்கத் தானே கற்றுக்கொள்ளும்.

இதைப் பரவலாகத் தெரியவைத்தது எரிக் ஃபாக்ஸ்லின் 2005-இல் எழுதிய கட்டுரை. பூட்ஸ் கயிற்றில் செருகும் அளவுக்குச் சிறிய சென்சார் ஒன்றை வைத்துக்கொண்டு, கட்டடத்துக்குள் நடந்த பாதையை வரைந்து காட்டினார். நன்றாக அமைத்த இத்தகைய கருவிகளில், நடந்த தூரத்தில் சுமார் ஒரு சதவீதத்துக்குள் பிழையை அடக்கலாம் என்பது பிற்பாடு பலரும் கண்ட அனுபவம். நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர். நிமிடத்துக்கு 308 மீட்டர் தள்ளிப்போகிற கணக்கை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய தாவல் என்று புரியும். சென்சாரை யாரும் உயர்த்தவில்லை. மனித உடம்பு நடக்கும் விதத்தைக் கவனித்தார்கள், அவ்வளவே. பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

இந்த வேலையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஓபன்ஷூ என்ற திட்டத்தை நடத்தின. காலணிக்குள் வைக்கும் சென்சாரின் வன்பொருள் வடிவமைப்பு, மென்பொருள் இரண்டையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவைத்தார்கள். கான்பூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இந்த வழியில் வந்த சென்சார்களைத் தயாரித்தும் விற்றது. இந்தச் சில்லுகளில் நான்கைந்தை ஒரே பலகையில் வைத்துச் சராசரி எடுத்தால், எண்கள் துள்ளும் அந்த இரைச்சல் குறைகிறது என்ற யோசனையையும் இந்தக் குழுவினர் நன்றாகப் பயன்படுத்தினார்கள்.

திசை என்னும் ஓட்டை

பாதம் நிற்பது எல்லாவற்றையும் காப்பாற்றுவதில்லை. எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை அது சொல்வதில்லை. வடக்கே பார்த்து நின்றாலும், கிழக்கே பார்த்து நின்றாலும் வேகம் பூச்சியம்தானே. அதனால் கைரோஸ்கோப் திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுவதைக் கால்மன் வடிகட்டியால் பார்க்க முடியாது. 10 பாகை நழுவிய பிறகு நூறு மீட்டர் நடந்தால், 17 மீட்டர் பக்கத்தில் போய் நிற்போம். நேரான நடைபாதை, வரைபடத்தில் மெல்ல வளைந்து அடுத்த அறைச் சுவருக்குள் போகும்.

திசைகாட்டியை வைத்துச் சரிசெய்யலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வெட்டவெளியில் சரி. கட்டடத்துக்குள் இரும்புத் தூண், கம்பி, லிஃப்ட் மோட்டார் என்று ஒவ்வொன்றும் காந்தப்புலத்தைத் திருப்பிவிடும். ஒரு தூணைத் தாண்டும்போது 'வடக்கு' சுற்றிக்கொண்டு போவதைப் போனில் பார்க்கலாம். இந்தத் தொல்லையையே துணையாக்கியவர்களும் உண்டு. ஒரு கட்டடத்தின் காந்தக் கோணல்கள் இடத்துக்கு இடம் மாறுமே தவிர, நாளுக்கு நாள் அதிகம் மாறாது. அதை முன்பே பதிந்து வைத்திருந்தால், 'இந்தக் கோணல் இருப்பது இரண்டாம் மாடி வராந்தாவில்' என்று கண்டுபிடித்துவிடலாம். ஃபின்லாந்தின் இண்டோர்அட்லஸ் நிறுவனம் இதை வணிகமாகவே செய்கிறது.

கட்டடத்தின் வரைபடம் கையில் இருந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆள் சுவரைத் துளைத்துக்கொண்டு போக முடியாது என்ற ஒரே விதியை வைத்துக்கொள்வது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் உட்மனும் ராபர்ட் ஹார்லும் 2008-இல் இதைச் செய்து காட்டினார்கள். ஆள் இருக்கக்கூடிய இடங்கள் என்று ஆயிரக்கணக்கான ஊகப் புள்ளிகளைக் கட்டடம் முழுக்கத் தூவுகிறார்கள். ஆள் ஓர் அடி வைத்தால், எல்லாப் புள்ளிகளும் ஓர் அடி நகரும். சுவரில் மோதும் புள்ளி அழிந்துபோகும். இரண்டு திருப்பம், ஒரு படிக்கட்டு போவதற்குள் முக்கால்வாசி ஊகங்கள் அழிந்து, மிச்சம் இருப்பவை ஓர் இடத்தில் குவிந்துவிடும். தொடங்கிய இடம் தெரியாவிட்டாலும்கூட இது நடக்கும். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் 2009-இல் இன்னொரு குழு, வரைபடமே இல்லாமல், ஆட்கள் ஒரே வழியில் திரும்பத் திரும்ப நடப்பதை வைத்தே வரைபடத்தையும் இடத்தையும் சேர்த்துக் கண்டுபிடித்தது.

இனி தீயணைப்பு வீரரிடம் திரும்புவோம். அவர் நடப்பதே இல்லை. புகை மேலே திரளும் என்பதால் தரையோடு தரையாகத் தவழ்கிறார், குழாயை இழுக்கிறார், ஏணியில் ஏறுகிறார். பாதம் தரையில் படிந்து நிற்கும் அந்த அருமையான கணம் தவழும்போது ஒழுங்காக வருவதில்லை. பூட்ஸ் முனை தேய்ந்துகொண்டே போகும். 'நின்றுவிட்டது' என்று கணக்குத் தப்பாக முடிவெடுத்தால், நகர்ந்த தூரத்தை அது வெட்டி எறிந்துவிடும். லிஃப்டில் இன்னொரு சிக்கல். பாதம் லிஃப்டின் தரையில் அசையாமல் நிற்கிறது, லிஃப்டோ மூன்று மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. 'வேகம் பூச்சியம்' என்ற உண்மை இங்கே பொய்யாகிவிடுகிறது.

மாடியைக் கண்டுபிடிக்கக் காற்றழுத்தமானி உதவும். ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 0.12 ஹெக்டோபாஸ்கல் குறையும். போனில் உள்ள சில்லே ஒரு மாடி ஏறியதைத் தெளிவாகக் காட்டிவிடும். ஆனால் வானிலை ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினாலே அது 8 மீட்டருக்குச் சமம், அதாவது இரண்டு மாடிக்கு மேல். அதனால் வெளியே தரைமட்டத்தில் இன்னொரு காற்றழுத்தமானி வைத்து ஒப்பிட வேண்டும். நெருப்பின் வெப்பமும், புகையை வெளியே தள்ள வைக்கும் ராட்சத விசிறிகளும் உள்ளே அழுத்தத்தை மாற்றிவிடுவது தனிக் கதை. உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம்: கட்டடத்துக்குள்ளிருந்து வரும் அவசரக் கைப்பேசி அழைப்புகளில் 80 சதவீதத்துக்கு, உயரத்தை மேலும் கீழும் 3 மீட்டருக்குள் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2019-இல் விதித்தது. 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு மாடி.

இவ்வளவு ஓட்டைகள் இருப்பதால்தான் அசைவுச் சென்சாரை மட்டும் நம்பி யாரும் இறங்குவதில்லை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், பாயிண்டர் என்ற திட்டத்தில், சுவர்களைத் தாண்டிப் போகும் தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை வைத்துத் தீயணைப்பு வீரரைக் கண்டுபிடிக்க முயல்கிறது. வூஸ்டர் குழுவும் ரேடியோ அலைகளில்தான் தொடங்கியது. ரேடியோவோ காந்தப்புலமோ அவ்வப்போது கொடுக்கும் இடத்தை வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் இடைவெளியைக் காலணிச் சென்சார் நிரப்புவதுதான் நடைமுறைக்கு உகந்த வழி என்று நான் நினைக்கிறேன்.

திரையில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கட்டளை வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நீலப் புள்ளியைக் காட்டினால், அவர் அதை நம்பித்தான் ஆள் அனுப்புவார். புள்ளி நான்காம் மாடியில் இருக்க, ஆள் ஐந்தாம் மாடியில் கிடந்தால்? புள்ளியே இல்லாதிருந்தால் இரண்டு மாடியிலும் தேடியிருப்பார்கள். பிழை எவ்வளவு இருக்கலாம் என்பது கால்மன் வடிகட்டிக்கு ஒவ்வொரு கணமும் தெரியும். அது கணக்கிலேயே இருக்கிறது. அதை மறைத்துப் புள்ளியை மட்டும் காட்டும் கருவி, எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், எனக்கு ஏற்புடையது அல்ல. வளர்ந்துகொண்டே போகும் வட்டமாகக் காட்ட வேண்டும். வட்டம் இரண்டு மாடியைத் தொட்டால் இரண்டு மாடியையும் நிறம் மாற்றிக் காட்ட வேண்டும்.

'எங்கே' என்பதைவிட 'அசைகிறாரா' என்பது சென்சாருக்கு மிக எளிய கேள்வி. அதற்கான விடை தீயணைப்பு வீரர்களின் மூச்சுக் கருவியில் வெகுகாலமாகவே இருக்கிறது. சுமார் 30 நொடி ஆள் அசையாமல் இருந்தால், காதைத் துளைக்கும் ஒலி எழுப்பும் கருவி அது. இடம் எதுவும் சொல்லாது. தேடிப் போகிறவர்கள் அந்த ஓசையை வைத்துத்தான் ஆளை நெருங்குகிறார்கள். வயதானவர்கள் விழுந்தால் தானே அவசர உதவியை அழைக்கும் கைக்கடிகாரங்களும் இதே குடும்பம்தான்.

சட்டைப் பையில் இருக்கும் போன்

போனைப் பூட்ஸில் வைத்து நடக்க முடியாது. அதனால் போனில் வேறு வழி. முடுக்கத்தைக் கூட்டித் தூரம் காண்பதை அடியோடு விட்டுவிட்டு, அடிகளை எண்ணுகிறார்கள்; அடி எண்ணிக்கையை அடி நீளத்தால் பெருக்கினால் தூரம். நீளம்தான் ஆளுக்கு ஆள் மாறும். அடி வைக்கும்போது உடம்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து அதைக் கணிக்க ஹார்வி வைன்பெர்க் 2002-இல் கொடுத்த எளிய சூத்திரம் ஒன்று இன்றும் பயன்படுகிறது.

இயற்கையிலும் இந்த முறை இருக்கிறது. சகாரா பாலைவனத்துக் கட்டாக்லிஃபிஸ் எறும்பு இரை தேடி வளைந்து வளைந்து போகும். கிடைத்ததும் கூட்டுக்கு நேர்கோட்டில் திரும்பும். தூரத்தை அது எப்படி அறிகிறது? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 மீட்டர் நடந்து இரையிடம் வந்த எறும்புகளைப் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்தார்கள். சிலவற்றின் கால் நுனியை வெட்டிக் குட்டையாக்கினார்கள். திரும்பும் வழியில், பொய்க்கால் எறும்புகள் 10 மீட்டரில் இருக்க வேண்டிய கூட்டைத் தாண்டி, புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 15 மீட்டர் போய்த் தேடின. குட்டைக்கால் எறும்புகள் 6 மீட்டருக்குள்ளேயே நின்று தேடின. வந்தபோது வைத்த அதே எண்ணிக்கை அடிகளைத்தான் திரும்பும்போதும் வைத்திருக்கின்றன. அடி நீளம் தப்பானால் எறும்புக்கும் போனுக்கும் ஒரே கதிதான்.

இப்போது பலரும் சூத்திரத்தை விட்டுவிட்டு, இயந்திரக் கற்றலுக்குப் போய்விட்டார்கள். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகக் குழு 2019-இல் வெளியிட்ட ரோனின், நூறு பேர் 40 மணி நேரத்துக்கு மேல் இயல்பாக நடந்த தரவைக் கொண்டு உருவானது. போன் கையில் இருந்தாலும் பையில் இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. ஆனால் இது கற்றுக்கொள்வது சராசரி மனிதர்கள் நடக்கும் விதத்தை. நொண்டி நடப்பவர், ஊன்றுகோலோடு நடப்பவர், சக்கர நாற்காலியில் போகிறவர், தவழ்கிறவர் எல்லோரும் அந்த நூறு பேரில் இல்லையென்றால், உதவி அதிகம் தேவைப்படும் ஆட்களிடமே கணக்குப் பிசகும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வரைபடத்தோடு சேர்த்தால் மோசமான சென்சார்கூட நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தோம். நகரத்தின் தெரு வரைபடம் எல்லோரிடமும் இருக்கிறது. காரில் போகிறவர் தெருவை விட்டு விலக முடியாது. திருப்பங்களின் கோணமும் வரிசையும் ஒவ்வொரு பாதைக்கும் தனி. இருப்பிட அனுமதி எதுவும் இல்லாமல், கைரோஸ்கோப், முடுக்கமானி, காந்தமானி ஆகியவற்றின் எண்களை மட்டும் வைத்து, ஒருவர் எந்தப் பாதையில் ஓட்டிப் போனார் என்று கணிக்கலாம் என்பதை நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2017-இல் காற்றழுத்தத்தையும் நேர மண்டலத்தையும்கூடச் சேர்த்து இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். தீயணைப்பு வீரரைக் கண்டுபிடிக்க உதவும் அதே கணக்கு, தான் எங்கே போனோம் என்று யாரிடமும் சொல்ல விரும்பாதவரையும் கண்டுபிடிக்கிறது.

போன் தயாரிப்பாளர்கள் தாமதமாகவே விழித்துக்கொண்டார்கள். ஆப்பிள் 2019-இல் ஐஓஎஸ் 12.2-இல், இணையதளங்கள் அசைவுச் சென்சாரைப் படிப்பதை இயல்பாகவே நிறுத்திவைத்தது. ஆண்ட்ராய்டு 9-இல், பின்னணியில் கிடக்கும் செயலிகளுக்கு இந்தச் சென்சார்கள் மூடப்பட்டன. ஆண்ட்ராய்டு 10 முதல், அடிகளை எண்ணும் வசதிக்கு அனுமதி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், நொடிக்கு 200 முறைக்கு மேல் படிக்கத் தனியாக அனுமதியை அறிவிக்க வேண்டும். ஆனால் ஒருவர் எந்தத் தெருவில் திரும்பினார் என்று தெரிய நொடிக்கு 200 முறை தேவையே இல்லை. சில முறை போதும். அந்த அளவில், திறந்திருக்கும் எந்தச் செயலியும் ஆண்ட்ராய்டில் கேட்காமலே படிக்கலாம். இருப்பிடத்துக்குக் கேட்பதைப் போலவே இதற்கும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நடைக் கணக்குச் செயலிக்கு அடி எண்ணிக்கை மட்டும் போதும். விளையாட்டுக்குப் போன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் போதும். இயங்குதளமே அந்த விடையைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, மூல எண்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய நுட்பம் ஏற்கெனவே போனில் இருக்கிறது.